அஞ்சுகத்தின் மூலப்பாடம்

மழைக்காலத்தில் அச்சுத்தாளைத் தரையில் அடுக்கக் கூடாது. காரைக்காலில் சிற்றிதழ் நடத்துகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதுதான். நான் ஒரு காலாண்டிதழ் நடத்தினேன். அப்போது நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வு மாணவன். அச்சில் இடம் மறுக்கப்பட்டவர்களின் குரலை அச்சேற்றுவது இதழின் கொள்கை. அந்தக் கொள்கையிலிருந்து நான் விலகியதாக இதைப் படிக்கும் நீங்கள் கருதக்கூடும். நடந்ததைச் சொல்கிறேன்.

அஞ்சுகம் நெரவிப் பக்கத்துக் கூலிக்காரத் தெருவிலிருந்து வந்தவள். நடவுக்குப் போகிற பெண். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தானே ஒரு நாவல் எழுதி முடித்து, என் இதழை அச்சிடும் தியாகராசனின் அச்சகத்தை விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். படித்தேன். நான் தேடிக்கொண்டிருந்த வாழ்க்கை முழுவதும் அதில் இருந்தது. நான் எதிர்பார்த்த மொழி மட்டும் இல்லை. பாடநூல் தமிழில், ஒரு முற்றுப்புள்ளிகூடப் பிசகாமல் எழுதியிருந்தாள். அவளுடைய தெருவின் பேச்சிலேயே மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

“எங்க தெருப் பேச்சு எங்களுக்குத் தெரியாதா சார்? நாளு பூரா அதத்தான பேசறோம். எழுதறப்பயாச்சும் நல்ல துணி உடுத்திக்கிறனே, அதுல ஒங்களுக்கு என்ன வந்துச்சி?”

சென்னைப் பதிப்பகங்கள் நாவலைத் திருப்பி அனுப்பின. என் இதழில் சில பகுதிகளை வெளியிட்டேன். ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. கையில் ஒரு மேதை கிடைத்திருக்கிறாள், அவளோ திருத்தத்துக்கு இணங்க மறுக்கிறாள். ஒரு திறனாய்வாளனுக்கு இதைவிடச் சலிப்பூட்டும் நிலை இருக்க முடியாது.

எழுபத்தேழு நவம்பர்ப் புயலில் அவள் குடிசை இருந்த வரிசையே சரிந்தது. அஞ்சுகத்தைக் காணவில்லை என்றார்கள். கறுப்புக் கட்டமிட்டு ஓர் அஞ்சலி எழுதினேன். அந்தப் பக்கத்தை இயந்திரத்தில் ஏற்றி முடுக்கிய பிறகு தியாகராசன் என்னிடம் வந்தார்.

“அந்தப் பொண்ணு பூவத்துல அண்ணன் வீட்டுல இருக்குதாம் சார். நம்ம பைண்டர் பாத்துட்டு வந்து சொல்றான். பக்கத்த எறக்கிடவா? எழுத்தக் கலைக்க எவ்வளவு நேரமாயிடப் போவுது.”

அஞ்சலியை மறுபடி படித்துப் பார்த்தேன். அதுவரை நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. ஓட்டுங்கள் என்றேன்.

கடிதங்கள் குவிந்தன. திருப்பி அனுப்பியவர்களே நாவலைக் கேட்டு எழுதினார்கள். அந்த நேரத்தில் அவள் வந்தாள்.

“என்னங்க சார், என்னையக் கொன்னுப்புட்டீங்களாமே. கருமாதி எப்பன்னு சொன்னா நானும் வந்து ஒரு வாய் சாப்புடுவன்ல?”

நிலைமையை விளக்கினேன். முதலில் புத்தகம் வரட்டும், பிறகு உண்மையை அறிவிக்கலாம் என்றேன். சற்று யோசித்தாள்.

“சரி, அதுவரைக்கும் செத்தே கெடக்கறேன். எழுத்துல மட்டும் கைய வெக்காதீங்க.”

மறைந்தவரின் கைப்பிரதியைப் பதிப்பிக்கும்போது பதிப்பாசிரியருக்குச் சில உரிமைகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினேன். அவளுடைய தாள்களின் மேலேயே வரிக்கு வரி தெருப் பேச்சாக்கினேன்; விளக்கமாகத் தோன்றிய வாக்கியங்களை அடித்தேன். புத்தகம் தியாகராசனிடமே அச்சானது. கைப்பிரதியைத் தாள் தாளாகப் பிரித்து அச்சுக்கோப்பவர்களுக்குக் கொடுப்பதும், வேலை முடிந்த தாளில் மை துடைப்பதும் அந்த அச்சகத்தின் வழக்கம். இந்தத் தாள்களை மட்டும் எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவளிடம் வேறு பிரதி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நாவல் பெரும் பெயர் பெற்றது. ‘ஏட்டுக் கல்வியின் கறை படியாத குரல்’ என்ற என் முன்னுரை வரியை எல்லோரும் எடுத்தாண்டார்கள். அஞ்சுகம் முதல் பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு, “இது நான் இல்லையே சார்” என்றாள். உண்மையை அறிவிக்கும்படி பலமுறை வந்து கேட்டாள். அடுத்த இதழில் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

எண்பத்தொன்றில் காரைக்காலில் நினைவுக் கூட்டம் நடந்தது. நான் பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணன் மருதையனோடு வந்திருந்த அவள் எழுந்து நின்றாள்.

“நான்தாங்க அஞ்சுகம். நான் சாவல.”

தலைமை வகித்த பேராசிரியர் நடராசன் என்னைப் பார்த்தார். இவரை நான் பார்த்ததில்லை என்றேன். அவர் இரக்கமுள்ளவர்; நாவலின் தொடக்கத்தைச் சொல்லும்படி அவளிடம் கேட்டார். அவள் கண்களை மூடிக்கொண்டு சொன்னாள்:

“வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று என் தாய் சிரித்தாள். அவள் சிரித்து அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆகவே அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டேன்.”

மண்டபத்தில் புத்தகங்கள் திறக்கும் ஓசை கேட்டது. அச்சில் இருந்தது, “வாக்காலுல தண்ணி வந்துச்சி. எங்காத்தா சிரிச்சிச்சி” என்பது மட்டுமே.

“இது படிச்சவங்க நடையாவுல்ல இருக்குது? அஞ்சுகம் இப்படி எழுத மாட்டாங்கம்மா” என்றார் நடராசன். யாரோ சிரித்தார்கள். தியாகராசன் கடைசி வரிசையில் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க சொல்லுங்க சார்.”

அந்த வரிகள் புத்தகத்தில் இல்லை என்றேன். அது உண்மை.

அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. அச்சக வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருதையன் என் வீட்டுக்கு வந்தான்.

“நான் கைநாட்டு சார். அது என்னமோ எழுதிக்கிட்டேதான் கெடக்கும், அந்தப் பொஸ்தகத்த எழுதுன அஞ்சுகம் இதுதானான்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நம்புறேன். நெசமா, பித்தா?”

பித்து என்றேன். வெளியூர் மனநல மருத்துவமனைக்கு அவர்களோடு நானே சென்றேன். அவள் சொல்வதில் சிறிதளவாவது உண்மை உண்டா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறாள்.

இப்போது இரண்டாம் பதிப்பு வெளிவந்திருக்கிறது. மண்டபத்தில் அவள் சொன்ன வரிகள் ஒரு சொல் விடாமல் என் நினைவில் நின்றுவிட்டன. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று குழந்தை நினைக்கும் அந்த இடம் உண்மையிலேயே உயர்வானது. அவற்றை உரிய இடத்தில் சேர்த்துவிட்டேன். மூலப்பாடத்துக்கு நேர்மையாக இருப்பதே பதிப்பாசிரியனின் அறம். மருத்துவமனைக்கும் ஒரு பிரதி அனுப்ப எண்ணினேன். அவளுடைய நன்மையை உத்தேசித்து அனுப்பவில்லை. இந்த நாவலை எழுதியது தான்தான் என்ற எண்ணம் அவளுக்கு மறுபடியும் வந்துவிடக் கூடாது.