கடைக்குக் கொண்டுபோன தண்ணீர்

“கடையில காட்டுறதுக்குக் கொண்டு போற தண்ணிய, குடிச்சு முடிச்சிட்டீங்களே!”

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் டவுன் பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனதில் எல்லோரும் புழுக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தோம். குரல் கேட்டு நிமிர்ந்தேன். முன்சீட்டில் ஐம்பது வயதுக் கணவன் மனைவி. கணவர் காலி பாட்டிலின் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“ஏட்டி, டாக்டர்தான மணிக்கொரு தடவ தண்ணி குடிக்கச் சொன்னாரு. இல்லன்னா மறுபடியும் கிட்னியில கல்லு வரும்லா?”

“இந்த உப்புத் தண்ணியக் குடிச்சுத்தான ரெண்டு தடவ கல்லு வந்துச்சு? அதுக்குத்தான தண்ணியச் சுத்தம் பண்ற மெஷின் வாங்கப் போறோம்? வீட்டுத் தண்ணியில எவ்வளவு உப்புன்னு பாத்தாத்தான் எந்த மெஷின்னு சொல்ல முடியும்னு கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.”

“நாக்கு வறண்டுட்டு. என்ன செய்யச் சொல்லுத?”

அவர் எழுந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

“இறங்கித் திரும்பப் போயிருவமா?”

“பாதி தூரம் வந்தாச்சு. உக்காருங்க. போன வாரமும் இப்படித்தான், பாட்டில வீட்டுல வச்சிட்டு வந்தீங்க. ராத்திரி வலியில துடிச்சா நான்தான உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்?”

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டுக் குழாயில பிடிச்சுக்கிடுவோம். எல்லாம் தண்ணிதான?” என்றார்.

“பிடிங்க. அந்தக் குழாய்க்குத் தோதா கடைக்காரரு ஒரு மெஷின் தருவாரு. அத அங்கனயே மாட்டிட்டு, மணிக்கொரு தடவ பஸ் ஏறி வந்து குடிங்க.”