பூட்டம்மா கட்டிய நீலத் துணி

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பூட்டம்மாவின் மகளே, அறுவை அறையிலிருந்து ரப்பர் காலணியோடு அப்படியே ஓடிவந்திருக்கும் சக மருத்துவர்களே, மாட்டையும் குதிரையையும் வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

கால்நடை மருந்தியல் பேராசிரியர், நம் மருத்துவமனையின் மூத்த ஆலோசகர், நாம் எல்லோரும் பூட்டம்மா என்று அழைத்த அந்தப் பெருமாட்டி இன்று நம்மிடையே இல்லை. அழ எனக்கும் ஆசைதான். ஆனால் மேடையில் யாராவது மூக்கை உறிஞ்சினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "பேச வந்தா பேசு, இல்லன்னா இறங்கு" என்பார். ஆகவே பேசுகிறேன்.

ஏன் பூட்டம்மா? வகுப்புக்கு அவர் ஒரு பூட்டோடுதான் வருவார். நாம் சொல்லாமலே உடலுக்குள் எத்தனை வேலை நடக்கிறது! இதயம் துடிக்கிறது, குடல் அசைகிறது, எச்சில் ஊறுகிறது, இரத்தக் குழாய் சுருங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு உண்டு, நரம்பு அனுப்பும் சாவி உண்டு. இந்தச் சாவியைத் தடுக்கும் மருந்து என்ன செய்கிறது? பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தானும் திறக்காது, சரியான சாவியையும் உள்ளே விடாது. பூட்டில் தீக்குச்சியைச் செருகி, எங்களிடம் சாவியைக் கொடுத்து, "இப்ப திறங்க பார்ப்போம்" என்பார். ஒருநாள் வீட்டுப் பூட்டையே கொண்டுவந்துவிட்டார். கதவைப் பூட்ட முடியாமல் அவர் கணவர் அன்று வேலைக்கே போகவில்லை!

அந்தப் பெண்குதிரையை நாம் மறக்க முடியுமா? காலில் காயத்தோடு லாரியில் வந்தது. கூட வந்த குதிரைவண்டிக்காரரின் பிழைப்பே அதுதான். இறக்கியதும் தள்ளாடியது, ஈறு வெளுத்தது, விழுந்தது. இரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. நம் தலைமை மருத்துவர் அப்போது இளம் மருத்துவர். ஐயா, முறைக்காதீர்கள், உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் அட்ரினலின் ஊசியை எடுத்தார். யார்தான் எடுக்க மாட்டார்கள்? அழுத்தத்தை ஏற்றும் மருந்தல்லவா அது! தேநீர் குடிக்க வந்த பூட்டம்மா குதிரையின் தொங்கிய இமையைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, லாரில ஏத்துறப்ப ஊசி ஏதாச்சும் போட்டாங்களா?"

"துள்ளுச்சும்மா. அடங்கட்டும்னு லாரி ஷெட்டுல ஒண்ணு போட்டாங்க."

"கையை எடுங்க டாக்டர்! அந்த ஊசியால குழாயைச் சுருக்குற பூட்டெல்லாம் அடைஞ்சு கிடக்கு, விரிக்கிற பூட்டுதான் மிச்சம். இப்ப அதைப் போட்டா குழாயெல்லாம் இன்னும் விரிஞ்சிடும், மொத்தமா போயிடும்!"

ஊசி மேசைக்குத் திரும்பியது. கழுத்தின் இருபுறமும் சலைன் ஏறியது. அம்மா தரையில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அது எழுந்து நின்றபோது வண்டிக்காரர் அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது.

அம்மா யாரைத் திட்டினார்? யாரையும் இல்லை! அறுவைக்கு விரிக்கும் நீலத் துணியில் ஒரு பட்டையைக் கிழித்துக் குதிரையின் கழுத்தில் கட்டினார். "மருந்து உள்ள இருக்கிற வரைக்கும் இது கிடக்கட்டும். குதிரையா வாயைத் திறந்து சொல்லும்?" என்றார். அன்றிலிருந்து இங்கே பூட்டை அடைக்கும் மருந்து ஏறிய எந்த உயிரும் நீலத் துணி இல்லாமல் இருந்ததில்லை. சலவை அறை அக்கா சண்டைக்கே வந்தார். "இப்படிக் கிழிச்சா நான் எதைத்தான் துவைக்கிறது?" "கிழிச்சதைத் துவை" என்றார் அம்மா.

நன்றி என்ற சொல் இதற்குப் போதுமா? நம் கையால் போயிருக்கக்கூடிய உயிர்களை நமக்கே காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. "மருந்து வெளியிலேருந்துல்ல வந்துச்சு? நம்ம வாசலுக்குள்ள மட்டும் கட்டி என்ன பிரயோஜனம்?" சந்தை சந்தையாக, பண்ணை பண்ணையாகப் போய்ச் சொன்னார். பலர் கேட்டார்கள். குதிரைக்கு ஊசி போட்ட அந்த லாரி ஷெட் மட்டும் மசியவில்லை. "கழுத்துல துணி கட்டினா சீக்கு மாடுன்னு நினைச்சுடுவாங்க, விலை போகாதும்மா" என்று சிரித்து அனுப்பினார்கள். விடுவாரா? மறுபடி போனார், மறுபடியும் போனார். கடைசியில், வந்து பேசுங்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டம் நாளைக் காலை.

நேற்று ஷெட் மேஸ்திரி போன் செய்தார். "அம்மாவே இல்ல, இனி என்ன கூட்டம்?" அம்மாவின் மகள் ஒரே வார்த்தையில் முடித்தார்: "நடக்கும்ணா. ஆளுங்களைக் கூப்பிட்டு வைங்க."

பெரியோர்களே! நாளை நாம் போகாவிட்டால் அந்த ஷெட் இனி நமக்குக் கதவு திறக்காது. அங்கிருந்து வரும் அடுத்த குதிரைக்கு யார் பதில் சொல்வது? அம்மா பேச வேண்டிய இடத்தில் நான் பேசுகிறேன். அவர் அளவுக்கு எனக்கு வராது. திக்குவேன், திணறுவேன், ஆனாலும் பேசுவேன். மருத்துவமனை வண்டி காலையில் நம் வாசலிலிருந்து புறப்படும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான் அம்மா எப்போதும் உட்காரும் இடம். அதைக் காலியாக விட்டுப் போக எனக்கு மனமில்லை. உங்களில் யாராவது வந்து உட்காருங்கள்.