பழைய எக்ஸெல்லின் கடைசி வரி

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நீங்கள் விசாரிக்க வந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் அறக்கட்டளை, ஊர் ஊராக முகாம் போட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகள் மொத்தமாக என்னிடம் வரும், கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பிறந்த வடிவம் அது. எத்தனை வரி வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் நோயாளிகளுக்குப் போன் செய்யும் பிரிவில் இருப்பது பழைய எக்ஸெல். அதை உண்டாக்கியவர்கள் வரிசை எண்ணுக்குப் பதினாறு பிட்தான் ஒதுக்கினார்கள். 65,536 வரிக்கு மேல் அதில் ஏறாது. எங்களுக்கோ ஒரு பெண்ணுக்கே பத்து வரி. அதனால் பதினான்கு வருடமாகக் கோப்பை இரண்டாகப் பிரித்து மாற்றிக்கொடுத்தேன். “ஏனுங் கீதாக்கா, இந்த ஃபைல் தெறக்க மாட்டீங்குதுங்க” என்று அடிக்கடி யாராவது என் மேஜைக்கு வருவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

பிறகு கிருபா புதிதாக வேலைக்கு வந்தாள். என் அரை நாள் வேலையை ஒரு நிமிடத்தில் முடிக்கும் புரோகிராம் எழுதினாள். எல்லோரும் அவள் மேஜைக்குப் போனார்கள். பொறாமைதான் சார், மறைக்கவில்லை. அவள் சிரிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டாள். “அக்கா, நீங்க எதுக்குங்க ரெண்டு ஃபைலாப் பிரிச்சீங்க?”

“சும்மா, பழகிப்போச்சு கண்ணு” என்றேன்.

அவள் பிரிக்கவில்லை. கடைசி வரி நிரம்பியதும் புரோகிராம் சத்தமில்லாமல் நின்றுகொண்டது. ஊர்ப் பெயர் வரிசையில் கடைசியாக வரும் வெள்ளகோவில் பக்கத்துப் பெண்கள் விடுபட்டுப்போனார்கள். முதல் முறையே எண்ணிப் பார்த்தேன், வரிகள் குறைந்திருந்தன; யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்களை முகாமில் என்ன சொல்லி அனுப்புவோம் தெரியுமா? போன் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ராமாத்தாள் என்ற அம்மா பத்து மாதம் கழித்து, கட்டி பெரிதாகி, தானாகவே வந்தார். “போனே வர்லீங்க அம்மணி. ஒண்ணுமில்லைன்னு நெனச்சு இருந்துபோட்டனுங்க.” ஆடியில் இறந்துபோனார். கிருபா அழுதாள். ஆபீஸே அவளைச் சுற்றி நின்று தேற்றியது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நான்தான் நகல் வைத்துக்கொண்டேன், வேறு யாரிடமும் இல்லை. விடுபட்டவர்களில் உடனே கூப்பிட வேண்டியவர்கள் இருபத்தாறு பேர். ஒரு பெயரைக்கூட நான் அழிக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ராமாத்தாளையும் சேர்த்து நான்கு பேர் இறந்துபோய்விட்டார்கள். மற்றவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

பட்டியலைத் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை சார். கிருபா வந்து, கீதாக்கா என்று கூப்பிட்டு, ஒரு வார்த்தை கேட்கட்டும்.