மெலாந்தாஸ் வார்த்த மது

கோயில் தலைமைப் பூசாரி அவர்களே, படைத்தலைவர் தமோத்திமோஸ் அவர்களே, துயரில் கூடியிருக்கும் சிக்கியோன் பெருமக்களே!

அப்போலோ சந்நிதியில் நாற்பது ஆண்டுகள் வெண்கல மது ஜாடி ஏந்திய மெலாந்தாஸ் மறைந்தார். பதினெட்டு ஆண்டுகள் அவரருகே கிண்ணம் பிடித்தவன், இந்தத் திமாகோராஸ். எதைச் சொல்லிப் புகழ்வேன்? எனக்கே குழப்பமாக இருக்கிறது!

பத்தாண்டுகளுக்கு முன் மேய்ச்சல் நிலத்துக்காகப் பெல்லேனே ஊராரோடு நமக்குப் போர் மூளவிருந்தது. தூதர்கள் பீடத்தின் முன் நின்றார்கள். மதில் ஓரம் முந்நூறு பேர் ஈட்டியோடு. அவர்களில் என் மகன்கள் இருவர். படைத்தலைவர் மெலாந்தாஸை எச்சரித்தார்: "அவங்க நீரூத்தையும் விட்டுத் தரட்டும். நான் கைய ஒசத்தினப்பறம் ஊத்துனா போதும், பெரியவரே."

பேச்சு முற்றியது. திடீரென்று மெலாந்தாஸ் ஜாடியைச் சாய்க்க, மது நிறைந்து என் கிண்ணம் கனத்தது. கிண்ணத்தை வாங்கினார். மதுவைப் பீடத்தில் வார்த்துவிட்டார். பீடத்தில் வார்த்தால் சமாதானம் உறுதி! தெய்வத்துக்குப் போனதைத் திருப்பிக் கேட்பவர் யார்?

"யோவ்! ஒன்ன யாரு ஊத்தச் சொன்னா?"

"நீங்கதானே ஐயா கைய ஒசத்துனீங்க?"

"ஈ ஓட்டுனேன்யா, ஈ!"

ஈட்டிகள் வீடு திரும்பின. ஜாடி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு எனக்கு வந்தது. பாத்திரம் துலக்கும் வேலை அவருக்கு.

"அண்ணே, ஈன்னு தெரிஞ்சுதானே ஊத்துன?" என்று கேட்டேன்.

"எனக்குக் கண்ணு மங்கல்டா தம்பி."

மங்கலா? முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, "ஜாடிக் கைப்பிடில பச்சைக் களிம்பு பூத்திருக்கு பாரு" என்றவரும் அவர்தான்! மறுநாள் என்னைத் தூண் என்று நினைத்துச் சாய்ந்தவரும் அவர்தான்! எதை நம்புவேன்?

அவர் காய்ச்சலில் கிடந்தபோது கடைசியாக அதையே கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். "ஒன் பயலுவ ரெண்டு பேரும் சௌக்கியமா?" என்றார். அது பதிலா? பேச்சை மாற்றினாரா? சொல்லுங்கள் பெருமக்களே!

அன்று செய்த பத்தாண்டு உடன்படிக்கை இந்த மாதத்தோடு முடிகிறது. நாளை மறுநாள் பெல்லேனே தூதர்கள் வருகிறார்கள். வார்க்கப்போவது நான். மெலாந்தாஸ் விட்டுச்சென்ற பணியைக் குறைவின்றித் தொடர்வேன் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். அந்தப் பணி எது என்பதுதான், ஐயன்மீர், எனக்கு இன்னும் விளங்கவில்லை.