நோகிற இடம்

டோர்செட் பார்க்கில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். ஒருத்தி வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்து ஒரு கிழமைதானாம்.

"நோகிற இடத்தைப் பேப்பரில கீறிக் காட்டச் சொன்னா நேர்ஸ். நான் இவரைக் கீறினன்."

"உன்ரை மனிசனையோ? என்னடி சொல்லுறாய்?"

"நான் பத்து நிமிஷம் என்ரை நோவைச் சொல்லுவன். இவர் இங்கிலிஷில 'நோ பெயின்' எண்டு முடிச்சுப்போடுவார். நேர்ஸ் என்ரை முகத்தைப் பாத்திட்டு, இவரைக் கோப்பி வாங்கிக் குடிச்சிட்டு வர அனுப்பினா. பிறகு பேப்பரில ஆள் உருவம் கீறி, பேனையை என்னட்டைத் தந்தா. வயித்தில குறுக்கும் மறுக்குமா ரெண்டு கோடு இழுத்துப் புள்ளடி போட்டன். பக்கத்தில மீசையோட இவரைக் கீறி, வாயிலயும் ஒரு புள்ளடி போட்டன்."

"ஐயோ! பிறகு?"

"விழுந்து விழுந்து சிரிச்சா. உடன நோவுக்கு ஊசி போட்டா. அதுக்குப் பிறகு அவ வரேக்கையெல்லாம் இவர் கோப்பிக்குப் போகவேணும்."

"அவருக்கு விளங்கேல்லையோ?"

"எங்கை! தன்ரை இங்கிலிஷாலதான் நான் தப்பினன் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்."