கம்பத்தடியில் நின்றவன்

முட்டை சாண்ட்விச்சை என் தங்கை அட்ராக்டாதான் கட்டிக் கொடுத்திருந்தாள். மைதானத்துக்குப் போகும் வழியில், ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டே அவள் புருஷன் மலாக்கி ஒன்றை என்னிடம் நீட்டினான்.

“தின்னு மச்சான். வெறும் வயித்தோட நின்னா கண்ணு மங்கும்.”

“என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நடுவர் நீதானே, உன் கண்ணப் பாத்துக்கோ மாப்ள.”

“நான் எங்கயோ நடுமைதானத்துல மூச்சு வாங்கிட்டு நிப்பேன். கம்பத்தடியில நிக்கிறவன் நீ. நீ கொடியத் தூக்கினா நான் கண்ண மூடிக்கிட்டுப் புள்ளி குடுப்பேன்.”

“சத்தியமா?”

“உன் தங்கச்சி மேல சத்தியம். போதுமா? இன்னொண்ணு எடு, இல்லன்னா நானே தின்னுடுவேன்.”

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, சார்ஜென்ட். மலாக்கி கெட்டவன் இல்லை. அட்ராக்டாவை நன்றாக வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மேஜையில் எனக்கென்று ஒரு தட்டு எப்போதும் இருந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். நடுவராகப் போகிறவன் கோல்கம்பத்துக்கு ஆட்களைத் தானே கூட்டிக்கொண்டு போகவேண்டும். அண்ணன், தம்பி, மச்சான், யார் கிடைத்தாலும் சரி. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்போம். எங்கள் நாட்டுக் கால்பந்தில், பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவில், குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் வெள்ளைக் கொடி, ஒரு புள்ளி. வெளியே போனால் கையை விரித்துக் காட்டுவோம். பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவுடன் ஊரே நம் முகத்தைப் பார்க்கும்.

அன்று மாவட்ட இறுதிப்போட்டி. டிரம்கீல் ஊரும் கில்லாரன் ஊரும். கடைசி நிமிடத்தில் டிரம்கீல் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. டெர்வ்லாவின் அண்ணன் இடது ஓரத்திலிருந்து உதைத்தான். டெர்வ்லாவை நான் அப்போது கட்டிக்கொள்வதாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பந்து கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயரமாக வந்தது. சாயங்கால வெயில் எதிரே இருந்தது; அது ஒரு பொருட்டில்லை. நான் வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். மலாக்கி ஓடிவந்தான். கொடி இறங்கியது. கில்லாரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

ஒரு வாரம் கழித்து டெர்வ்லாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்றாள்.

“கொடி உன் கையிலதானே இருந்துச்சு, ஃபின்டன்?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரு பால்பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டாள்.

முப்பது வருடம் ஓடிப்போயிற்று. கீகன் பப்பில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் போனாலும் கேட்கலாம். ஜார்லத் ஆரம்பிப்பான். “அறுபத்தெட்டு ஃபைனல்ல கோல்கீப்பர் வாயில சிகரெட்டோட நின்னான்.” இன்னொருவன் மறுப்பான். “போடா, அது எழுபது. சிகரெட் இல்ல, பைப்பு.” “உங்கப்பன் பாத்தானா?” “எங்கப்பன்தான்டா அந்த கோல்கீப்பர்.” எவன் எத்தனை கோல் போட்டான், எந்த நடுவர் எந்த ஊர்க் காசில் குடித்தான், இப்படியே போகும். கடைசியில் எல்லாப் பேச்சும் என் கொடிக்கு வந்து சேரும். மலாக்கி அதற்காகவே காத்திருப்பதுபோல் கோப்பையைக் கீழே வைப்பான். “வெளிய போச்சுப்பா. என் மச்சானே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்ன?”

நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டுப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

போன பிப்ரவரியில் கிளப் கட்டடத்துக் கூரைக்கு நிதி திரட்ட ஒரு வினாடிவினா வைத்தார்கள். கேள்வி கேட்டது மலாக்கி. என் தங்கையும் நானும் ஒரே மேஜை.

“அடுத்த கேள்வி,” என்றான் மைக்கில். “மாவட்ட இறுதிப்போட்டி வரலாற்றிலேயே, தூக்கின கொடியைத் தானே இறக்கின ஒரே மனுஷன் யாரு? துப்பு வேணுமா? ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வாங்க, என் உருளைக்கிழங்கத் தின்னுக்கிட்டு இருப்பான்.”

கூடமே என் பெயரைச் சொல்லிக் கத்தியது. “அவனுக்குக் கொடி எதுக்குப்பா, கைத்தடி குடுங்க!” என்றான் ஜார்லத். அட்ராக்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் மேஜைத் தாளில் என் பெயரை எழுதினாள். எங்களுக்கும் ஒரு மதிப்பெண் கிடைத்தது.

மார்ச்சில் மலாக்கியின் மாட்டுக் கொட்டகையில் சாணிக்குழியைக் கலக்கவேண்டியிருந்தது. குளிர்காலம் முழுக்க மாடுகள் போட்டதெல்லாம் தளத்துக்குக் கீழே தேங்கியிருக்கும். டிராக்டரைப் பூட்டிக் கலக்கும்போது அடியிலிருந்து விஷக்காற்று கிளம்பும். நாற்றம்கூடத் தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். அதனால் மாடுகளை வெளியே ஓட்டி, கதவுகளைத் திறந்துவைத்து, கலக்க ஆரம்பித்தபின் அரைமணி நேரமாவது யாரும் உள்ளே போவதில்லை. காற்று வீசும் நாளாகப் பார்த்துத்தான் செய்வோம். அன்று காலையில் காற்று இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

மலாக்கி தேநீர் குடிக்க வீட்டுக்குள் போயிருந்தான். நான் டிராக்டர் பக்கத்தில் நின்றேன். கலக்குகிற இயந்திரத்தின் குழாயைத் திருப்பி, அதுவரை தொடாத மூலையை அப்போதுதான் கலக்கத் தொடங்கியிருந்தேன். அவன் முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தான். குழி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் அவனுக்கு. எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. போகலாமா என்று கையால் கேட்டான்.

தீவனச் சாக்கு ஒன்று என் கையில் இருந்தது. வெள்ளைச் சாக்கு. அதைத் தூக்கிக் காட்டினால் எல்லாம் சரி, போகலாம் என்று அர்த்தம். வருடா வருடம் எங்களுக்குள் அதுதான் அடையாளம். நான் எதையும் திட்டமிடவில்லை, சார்ஜென்ட். தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தேன்.

அவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான். முதன்முறையாக என் கொடியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டான்.

நான் பின்னால் ஓடாததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஓடியிருந்தால் இரண்டு சவப்பெட்டி என்று பாதிரியாரே சொன்னார். விசாரித்தவர்கள் விபத்து என்று முடித்தார்கள். அட்ராக்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு தனியா இல்ல, நீயாவது பக்கத்துல இருந்தியே அண்ணா,” என்று அழுதாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நாற்காலியில் என்னை உட்காரவைக்கிறாள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் போன வாரம் கல்லறையில் அவனுக்குக் கல் நட்டபோது கிளப் தலைவர் பேசினார். ஒரு தப்பான தீர்ப்புக்கூடக் கொடுக்காத நடுவர் என்றார். இளைஞர் போட்டிக்கு இனி மலாக்கி பெயரில் கோப்பையாம். கூட்டம் கைதட்டியது. கல்லறையில் யாராவது கைதட்டுவார்களா? ஒரு தீர்ப்பு தப்பு. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்; மற்றதை எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சேர்த்துச் சொன்னேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். இறுதிப்போட்டியன்று மலாக்கி ஓடிவந்து என்னிடம் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டான்.

“மச்சான், பந்தப் பாத்தியா, இல்ல அந்தப் பொண்ணப் பாத்தியா? பந்தத்தான் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே புள்ளி குடுத்துடறேன்.”

டெர்வ்லா கம்பத்துக்குப் பின்னால் மேட்டில் நின்றிருந்தாள். பச்சைக் கழுத்துத்துணி கட்டியிருந்தாள். கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பவனிடம் அப்படிக் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள். கொடிதான் சொல்கிறதே, வாய் வேறு சொல்லவேண்டுமா? நான் பேசவில்லை. கை இறங்கியது. அவன் இறக்கவைத்தான் என்றுதான் எழுதிக்கொள்ளவேண்டும்.

அதற்குப் பிறகு அவனுக்கு எவ்வளவோ அவகாசம் கொடுத்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அவனாகச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? அதனால் ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச்சில் அன்று, அவன் உள்ளே போனபின், டிராக்டரை அணைத்துவிட்டுக் கொட்டகை வாசல் தெரியும் தூரம்வரை போனேன். நெருங்கவில்லை, எனக்கு விதி தெரியும். அவனுடைய ரப்பர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது, ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. எஞ்சின் நின்றபிறகு அவ்வளவு அமைதி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை, கூட்டம் இல்லை, சிரிப்பு இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

“மாப்ள, அன்னிக்கு நான் பந்தத்தான் பாத்தேன்னு ஒரே ஒரு தடவ சொல்லிடேன்.”