விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள்

— இல்லைங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் புத்தகத்துக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க.

— புத்தகத்துக்குள்ளயா? முதல்ல வாயில இருக்கற குண்டூசியை எடுத்துட்டுப் பேசு. பார்க்கவே பயமா இருக்கு.

— எடுத்தாச்சு. நேத்து பதினோராவது அத்தியாயம் வரைக்கும் கேட்டு நிறுத்தினேன். காலையில போன்ல திறந்தா பதிமூணு முடிஞ்சு நிக்குது.

— உன் தையல் மெஷின் போடற சத்தத்துல ரெண்டு அத்தியாயம் காதுல விழாமப் போயிருக்கும்.

— எனக்கா? கதை வாசிக்கற அந்தம்மா மூச்சு இழுக்கறதுகூட எனக்குக் கேக்குது! படகுக்குள்ள தண்ணி ஏறுதுன்னு அவங்க சொன்னப்போ, நான் பெடல்ல இருந்து காலைத் தூக்கிட்டேங்க. நனைஞ்சிடும்னு.

— லைப்ரரியில இருந்து புத்தகம் எடுத்தியா, மந்திரம் எடுத்தியா?

— கிண்டல் பண்ணுங்க. நேத்து ஒரு கோட்டுக்கு ரெண்டு கையும் இடது கையாவே வச்சுத் தைச்சுட்டேன். இப்ப பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— ரெண்டும் இடதா! நல்ல வேளை, போட்டுப் பார்க்க கோட்டுக்காரர் வரலை… அது சரி, தெருவுல ஒரு கடை போர்டு விடாம சத்தமா வாசிச்சுட்டு வர்றவ நீ. உனக்கே ஒருத்தர் வாசிச்சுக் காட்டினா தலை சுத்தத்தானே செய்யும்.

— சுத்தட்டும். ஆனா இன்னிக்கு ஆறு மணியோட இரவல் முடியுது. போன்ல இருந்து தானா மறைஞ்சுடும். எனக்குப் பின்னாடி முப்பத்தோரு பேர் காத்துட்டு இருக்காங்க.

— இப்ப மணி என்ன?

— அஞ்சு நாப்பது. கடைசி அத்தியாயம் இருபது நிமிஷம்.

— ஐயையோ! போடு, போடு!

— உங்களுக்கு எதுக்கு ஐயையோ?

— உனக்காகத்தான்… வேகத்தைக் கூட்டி வச்சுக் கேளேன்.

— அந்தம்மாவை விரட்டறதா? மாட்டேன். பன்னிரண்டு வருஷமா அந்தப் படகுக்காரி தினமும் விளக்கு காட்டிட்டு இருக்கா, போன தம்பி வருவான்னு. இப்ப அக்கரையில யாரோ வந்து நிக்கறாங்க. அது தம்பிதானான்னு…

— தம்பின்னா சீட்டியடிச்சிருப்பானே.

— என்ன சொன்னீங்க?

— ஏன் அப்படிப் பார்க்கறே?

— அவன் சீட்டியடிப்பான்னு நான் சொல்லவே இல்லையே.

— சொன்னே. நேத்து, சாப்பிடறப்போ…

— அது பதிமூணுல வருதுங்க. நான் கேட்டதே இன்னிக்கு மத்தியானம்.

— …சரி, நாந்தான். ஒரே லைப்ரரி கார்டுதானே, உன் போன்ல இருக்கறது என் போன்லயும் வருது. மோட்டார் ரூம்ல லிஃப்ட்டுக்கு கிரீஸ் போடறப்போ சும்மா ரெண்டு நிமிஷம்னு…

— சும்மாவா?

— ஒன்பதாவது மாடியில இறங்க வேண்டியவன் மொட்டை மாடிக்குப் போயிட்டேன். போதுமா!

— கதையெல்லாம் வேலையத்தவங்களுக்குன்னு சொன்ன வாய் யாரோடது?

— இந்த வாய்தான். விடேன்.

— அப்ப இதுவும் உங்க வேலைதானா?

— எது?

— இதே கதை, எழுத்துல. ஈ-புக். செவ்வாய்க்கிழமை எடுத்திருக்கு. நான் எடுக்கலை.

— அட்டைப் படத்தைத் தப்பா அமுக்கியிருப்பேன்.

— உள்ளே மஞ்சள் மஞ்சளா இருக்கு. நல்ல வரியா பார்த்துப் போட்டிருந்தாலும் சரி. இது 'துடுப்பு'. 'ஈரம்'. 'அக்கரை'. ஒத்தை வார்த்தைக்கு யாருங்க மஞ்சள் பூசுவாங்க?

— மஞ்சளா? நான் பூசலையே! நான் விரலை வச்சு அழுத்தி…

— அழுத்தி?

— மணி ஆகுது. போடு.

— ஏங்க. விரலை வச்சு?

— …வாசிச்சேன்.

— சொல்லுங்க, கேக்கறேன்.

— எனக்கு எழுத்து நிக்காது. பள்ளிக்கூடத்துல இருந்தே. பார்த்துட்டு இருக்கும்போதே இடம் மாறும். வயருக்கு நிறம் இருக்கு, மாடிக்கு நம்பர் இருக்கு… அதை வச்சே பிழைச்சுட்டேன். உன்கிட்ட கண்ணாடி மறந்துட்டேன், வெளிச்சம் பத்தலைன்னு…

— ம்.

— செவ்வாய்க்கிழமை காதுல அந்தம்மா 'துடுப்பு'ன்னாங்க. கையில அந்தப் பக்கம். ஒரு வார்த்தை அங்கேயே நிக்குது. ஓடலை! திருப்பிப் போட்டேன். மறுபடி 'துடுப்பு'. அதே இடத்துல, அசையாம. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு நாளா இதெல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கு!

— எத்தனை பக்கம் ஆச்சு?

— அஞ்சு நாள்ல ஒன்பது. சிரிக்காதே.

— சிரிக்கலைங்க. வாங்க, இந்தப் பக்கம் உக்காருங்க. ஒரு காது உங்களுக்கு, ஒரு காது எனக்கு.

— போட்டியா? …ஆங், கேக்குது.

— உஸ்ஸ்.

— படகுல ஏறிட்டா…

— உஸ்ஸ்னா!

— 'அவள் விளக்கை உயரத் தூக்கிப் பிடித்தாள். அக்கரையில்…'

— என்னாச்சு? அக்கரையில?

— மணி ஆறு. போயிடுச்சு.

— ஒரு வாக்கியத்தை முடிக்க விட மாட்டாங்களா!

— நீங்க தப்பா அமுக்கின ஈ-புக் இருக்கே. அதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. இந்தாங்க, கடைசிப் பக்கம். என் ரெண்டு கையும் இந்தக் கோட்டுல மாட்டியிருக்கு. நீங்க வாசிங்க.

— காதுல குரல் இல்லாமலா?

— நான் பக்கத்துல இருக்கேன்.

— அக்… அக்கரையில்… இருந்து… ஒரு… சீ… சீட்…

— அவசரமில்லை.

— சீட்டி… சீட்டிச் சத்தம்… வந்தது. ஏய்! சீட்டி! தம்பிதான், வந்துட்டான்!

— வந்துட்டான்.

— யாரும் சொல்லாம, நானா வாசிச்சேன்! நீ என்ன, அழறியா? பாவம், உனக்கு எங்கே தெரியப்போகுது… இருபத்திரண்டு வருஷம் துளி சந்தேகம் வராம மறைச்சிருக்கேன்ல.

— பின்னே பஸ் போர்டு, மருந்து அட்டை, கடைப் பேருன்னு இருபத்திரண்டு வருஷமா எல்லாத்தையும் சத்தமா வாசிச்சுட்டு வர்றேனே… எனக்கென்ன வாய் வலிக்காதா?